ஒரே பாட்டு, இரண்டு அலமாரி

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' நூலாக வந்தது 1942-இல். அதற்குப் பதினாறு வருஷம் முன்பே, 1926-இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. மாமன் சொத்து மருமகனுக்கு, கட்டின மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்றிருந்த வழக்கத்தின் பிடி அந்தச் சட்டத்தோடு தளர்ந்தது. அப்படியென்றால் செத்த பாம்பையா கவிமணி அடித்தார்? இல்லை. பாட்டு சட்டத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே 'தமிழன்' என்ற பத்திரிகையில் தொடராக வந்தது. குடும்பச் சொத்தை ஆளும் மூத்த ஆணான காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்லி அழுகிற பாட்டு அது. புராணம் போலப் படலம் படலமாகப் பிரித்து, அதில் ஒன்றுக்குக் 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று பெயரும் வைத்திருப்பார். கோர்ட்டுப் படி ஏறிக் குடும்பம் அழிந்த கதை. வழக்காடிக்கொண்டிருந்த வீடுகளுக்குள்ளேயே அந்தப் பத்திரிகை போயிருக்கும். அந்த வீடுகளில் யாராவது சிரித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

புத்தகத்தில் படிக்கிற நமக்கு அது நகைச்சுவைக் காவியம். பத்திரிகையில் படித்தவர்களுக்கு அது பக்கத்து வீட்டு வழக்கு. பழைய பத்திரிகைகளில் கவிதை தேடுகிறவர்கள் பெரும்பாலும் புத்தகத்தில் வராத பாட்டைத் தேடுகிறார்கள். புத்தகத்தில் வந்துவிட்ட பாட்டின் முதல் அச்சையும் தேட வேண்டும் என்பது என் கட்சி. எந்தத் தேதியில், எந்தச் செய்திக்குப் பக்கத்தில், எந்தப் பெயரில் வந்தது என்று தெரிந்தால் பாட்டின் காரமே மாறிவிடும். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் நூலாவதற்கு முன் 'நற்போதகம்' இதழில் பல ஆண்டுகள் தொடராக வந்தது. கம்பனை நினைவூட்டும் விருத்தங்களை மாதாமாதம் ஒரு சபைப் பத்திரிகையில் படித்த வாசகர்கள் இருந்திருக்கிறார்கள்.

பழைய பத்திரிகையில் கவிதை என்று தனிப் பகுதி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பத்தி நிறையாத இடத்தை நிரப்ப ஒரு வெண்பா, திவான் வருகைக்கு ஒரு வாழ்த்துப்பா, தமிழாசிரியர் காலமானால் மாணவர்கள் எழுதிய இரங்கற்பா என்று உதிரியாகத்தான் கிடக்கும். நாடக விளம்பரத்துக்குள் நாலு வரி இருக்கும். புத்தகங்களின் முன்பக்கத்தில் வரும் சாற்றுகவிகளும் இப்படித்தான். வைத்திய நூல், சோதிட நூல், தலபுராணம் எதுவானாலும் ஊரிலுள்ள புலவர்கள் ஆளுக்கொரு விருத்தம் எழுதித் தந்திருப்பார்கள். நூலகப் பட்டியலில் வைத்திய நூலின் பெயர் இருக்கும், சாற்றுகவி எழுதியவர் பெயர் இருக்காது. வேறு எங்கேயும் அச்சேறாத உள்ளூர்ப் புலவர் ஒருவரின் ஒரே பாட்டு அந்த வைத்திய நூலின் ஐந்தாம் பக்கத்தில் இருக்கலாம்.

இதில் இன்னும் சிக்கலான வகை அவதானப் பாட்டுகள். நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச்சில் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்தார். நூறு பேர் நூறு விதமாகக் கவனத்தைக் கலைக்க, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். நடுவில் கேட்ட ஈற்றடிக்கு வெண்பாவும் கட்ட வேண்டும். 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று முடிக்கச் சொல்லி ஒருவர் வம்புக்கு ஈற்றடி கொடுத்ததாகவும், பாவலர் அதைச் 'சத்துருக்கனுக்கு ராமன் துணை' என்று ஆக்கி முடித்ததாகவும் எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். ஈற்றடி வாய்வழியாக வந்து சேர்ந்துவிட்டது. இப்படி மேடையில் பிறந்து மேடையிலேயே முடிந்த பாட்டுகளுக்கு அன்றைய பத்திரிகைச் செய்தியை விட்டால் வேறு ஏடு கிடையாது. நிருபருக்குத் தமிழ் யாப்பு தெரிந்திருக்க வேண்டும், அச்சுக் கோப்பவர் சீரை விழுங்காமல் இருந்திருக்க வேண்டும், அதெல்லாம் வேறு கதை.

சரி, இவை எல்லாத் தமிழ் ஊருக்கும் பொது. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவிலுள்ள இந்த நாற்பது மைல் பிரதேசத்துக்கு என்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே பாட்டு தொலைவதில்லை. வேறு பெயரில், வேறு அலமாரியில், வேறு எழுத்தில் பத்திரமாக இருக்கிறது.

'இரவிக்குட்டிப் பிள்ளை போர்' என்ற கதைப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1630-களில் மதுரைத் திருமலை நாயக்கரின் படையோடு கணியாகுளத்தில் மோதி இறந்த வேணாட்டு, அதாவது பழைய திருவிதாங்கூர், தளபதியின் கதை. நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டாகப் பாடியது, ஏடுகளில் எழுதி வைத்தது. தமிழ்நாட்டு நூலகத்தில் இது 'நாட்டுப்புறக் கதைப்பாடல்' வரிசையில் இருக்கும். கேரளத்தில் 'தெக்கன் பாட்டுகள்' என்ற தலைப்பில், மலையாள இலக்கியத்தின் பழைய வகைகளில் ஒன்றாக இருக்கும். பாட்டின் மொழியோ தமிழும் மலையாளமும் தோளோடு தோள் உரசும் மொழி. இரண்டு பக்கத்து ஆய்வாளர்களும் தத்தம் அலமாரியில் உள்ள பிரதியை வைத்துப் பாடபேதம் எழுதினால், எதிர் அலமாரியில் உள்ள ஏடு கணக்கிலேயே வராது. கோவளம் பக்கத்து அய்யிப்பிள்ளை ஆசானின் 'ராமகதைப்பாட்டு' நிலைமையும் ஏறக்குறைய இதுதான். சந்திரவளையம் என்ற சின்னக் கருவியைத் தட்டிக்கொண்டு கோயிலில் பாடிவந்த ராமாயணம் அது. படித்துப் பார்க்கும் தமிழனுக்குப் பாதிக்கு மேல் அகராதி வேண்டாம். ஆனால் தமிழ் ராமாயணங்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள் அதைச் சேர்ப்பது அபூர்வம்.

ஸ்ரீ நாராயண குரு தமிழில் தேவாரப் பதிகங்கள் எழுதியிருக்கிறார். மருத்துவாமலையில் தவமிருந்தவர், தமிழ்ச் சித்தர் பாடல்களோடு பழகியவர், அதனால் இதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பதிகங்கள் அவருடைய மலையாளத் தொகுப்புகளுக்குள் மலையாள எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. மலையாளம் படிக்கத் தெரியாத தமிழ் வாசகனுக்கு அவை கண்ணில் படாது. மலையாள வாசகனுக்கு எழுத்து தெரியும், பாட்டு பாதிதான் புரியும். திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. அங்கே தேடப் போகிற தமிழர்கள் தமிழ் எழுத்துச் சுவடிகளோடு நின்றுவிடக் கூடாது. மலையாள எழுத்தில் உள்ள ஏடுகளின் முதல் வரியையும் வாசித்துக் கேட்க வேண்டும். எல்லையோரத்துப் பிள்ளைகளில் இரண்டு எழுத்தும் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

அச்சான பாட்டுகளுக்கு வருவோம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1867-இல் அச்சகங்களையும் நூல்களையும் பதிவு செய்யும் சட்டம் வந்தது. அச்சிட்டவர் அரசுக்குப் பிரதி கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் புத்தகங்களின் பட்டியல் வரும். சென்னை மாகாணப் பட்டியலில் நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், விலை, எத்தனை படி அச்சிட்டார்கள் என்பது வரைக்கும் இருக்கும். காலணா விலைக்கு விற்ற சிந்து, கும்மி, கொலைச்சிந்துகூட அதில் இடம்பெறும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு அந்தப் பட்டியல் ஒரு பெரிய காரணம். திருவிதாங்கூர் சமஸ்தானம் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இல்லை. ஆகவே நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் அச்சான தமிழ்ச் சிறுநூலைச் சென்னைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. 'பட்டியலில் இல்லை, ஆகவே அப்படி ஒரு நூல் இல்லை' என்று இதை வைத்து முடிவு கட்டுகிற கட்டுரைகளைப் பார்க்கும்போது எரிச்சலாக வரும்.

சமஸ்தானத்தில் பத்திரிகைக்கு ஆயுள் எவ்வளவு என்பதும் அரண்மனையின் மனநிலையைப் பொறுத்தது. வக்கம் மௌலவி 1905-இல் 'சுதேசாபிமானி' என்ற மலையாளப் பத்திரிகையை அஞ்சுதெங்கில் தொடங்கினார். சமஸ்தானத்துக்கு நடுவே அது பிரிட்டிஷாரிடம் இருந்த ஒரு துண்டு நிலம். பிறகு பத்திரிகை திருவனந்தபுரத்துக்கு வந்தது. 1910 செப்டம்பரில் அச்சகத்தைப் பறிமுதல் செய்து, ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தித் திருநெல்வேலியில் கொண்டு விட்டார்கள். பத்திரிகையை மூடினால் தலையங்கம் மட்டும் நிற்பதில்லை. அதன் பழைய கோப்புகளைக் காப்பாற்றவும் ஆள் இல்லாமல் போகிறது. 1954-இல் நூல் ஒப்படைப்புச் சட்டம் வந்து, 1956-இல் செய்தித்தாள்களையும் அதில் சேர்த்த பிறகுதான் எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்றில்லாமல் எல்லாம் கன்னிமாரா போன்ற நூலகங்களுக்குப் போகவேண்டிய கடமை உண்டானது.

அதே 1956 நவம்பர் 1-இல் எல்லையும் மாறியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அரசுக் கோப்புகளும் கெஜட்டுகளும் பழைய தலைநகரான திருவனந்தபுரத்தில் தங்கின. 1829-இல் தொடங்கிய அந்த ஊர்ப் பொது நூலகம் கேரளத்தின் மாநில மைய நூலகமானது. பி.என். பணிக்கர் 1945-இல் நாற்பத்தேழு ஊர் நூலகங்களைச் சேர்த்துத் தொடங்கிய கிரந்தசாலை இயக்கம் கேரளத்தில் வாயனசாலை வாயனசாலையாகப் பெருகியது. இந்தப் பக்கம் வந்த ஊர்கள் வேறு சட்டத்துக்கும் வேறு இயக்குநரகத்துக்கும் உட்பட்டன. தென் திருவிதாங்கூரில் 1920-இல் வந்த ஒரு தமிழ் மாத இதழைத் தேடுகிறவர் இன்றைக்கு இரண்டு மாநிலத்திலும் விசாரிக்க வேண்டும். ஓரிடத்தில் அது பிற மொழி, இன்னோரிடத்தில் அது பிற மாநிலம்.

கிடைத்துவிட்டால் அடுத்த தகராறு தேதி. திருவிதாங்கூர் அச்சில் பெரும்பாலும் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டுதான் இருக்கும். இங்கே தெற்கில் ஆண்டு பிறப்பு சிங்கம் ஒன்றாம் தேதி, அதாவது ஆவணி முதல் நாள். வடமலபாரில் கன்னி முதல் நாள். ஆங்கில ஆண்டாக்க வேண்டுமென்றால் சிங்கத்திலிருந்து டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து கர்க்கடகம், அதாவது ஆடி, முடியும்வரை 825. மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று சொல்வது 1099-ஆம் ஆண்டு கர்க்கடக வெள்ளத்தை, அதாவது 1924 ஜூலை. அந்த வருஷத்தையே ஓர் அளவுகோலாக மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்கு தப்பாது. கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டுகிறவர்கள் ஆவணிக்கும் மார்கழிக்கும் நடுவில் வந்த எல்லாவற்றையும் ஒரு வருஷம் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள். இரங்கற்பா ஒன்று ஆள் இறந்து ஒரு வருஷம் கழித்து வந்ததாகத் தெரிந்தால், முதலில் இந்தக் கூட்டலைச் சரிபார்க்க வேண்டும்.

தாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரக்கூழை அரைத்துச் செய்த மலிவான செய்தித்தாளில் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கும், அது வெளிச்சத்திலும் காற்றிலும் பழுத்து, அமிலமேறி, மடித்த இடத்தில் ஒடியும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை ஈரம் அதற்குத் துணை. பூச்சியைவிட அதிகம் கெடுதல் செய்தது பைண்டிங் செய்தவர்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஓரத்தை நேராக்குகிறேன் என்று வெட்டும்போது தலைப்பில் இருந்த தேதியும் ஓரப் பத்தியின் கடைசி எழுத்துகளும் போய்விடும். எண்சீர் விருத்தத்தில் எட்டாவது சீர் இல்லாமல் போனால் ஓரளவு ஊகிக்கலாம். எதுகை இருக்கிற இடம் போனால் கஷ்டம்.

ஸ்கேன் செய்து வலையேற்றிவிட்டால் தேடல் எளிது என்பது பாதி உண்மை. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முந்தைய அச்சில் ணை, லை, னை ஆகியவை துதிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கும். றா, னா, ணா வேறு மாதிரி இருக்கும். எழுத்துணரி மென்பொருள் அங்கே தடுமாறும். அதைவிடப் பெரிய தடை யாப்பு. பழைய அச்சில் பாட்டை வார்த்தை வார்த்தையாகப் பிரிப்பதில்லை, சீர் சீராகத்தான் பிரிப்பார்கள். சந்தியும் சேர்ந்தே இருக்கும். நாம் தேடும் சொல் பாதி ஒரு சீரிலும் மீதி அடுத்த சீரிலும் கிடந்தால் எந்தத் தேடுபொறிக்கும் அது புரியாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற இடங்களில் பெயர் போட்டுத் தேடுவதோடு, ஆண்டு வாரியாக இதழ்களைப் புரட்டிப் பார்ப்பதுதான் கவிதைக்கு உருப்படியான வழி. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்ததிலிருந்து 1994-இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகத்தில் துண்டுப் பிரசுரம், நாடக நோட்டீஸ் எல்லாம் நூலுக்குச் சமமாகப் பாதுகாக்கப்படுவதால், இந்த மாதிரி உதிரிப் பாட்டுகளுக்கு அங்கே யோகம் அதிகம்.

பாட்டைக் கண்டுபிடித்தாகிவிட்டது. யாருடையது? இந்தக் கேள்விக்கு எல்லைப்புறத்திலேயே ஒரு பிரசித்தமான பாடம் இருக்கிறது. பத்மநாபபுரம் பக்கத்தில் மணலிக்கரை மடத்தில், மலையாள எழுத்தில் எழுதிய ஓலைச்சுவடிகளில், த. கணபதி சாஸ்திரி சில சமஸ்கிருத நாடகங்களைக் கண்டார். காளிதாசனே பெயர் சொல்லிப் புகழ்ந்த, ஆனால் நூல் கிடைக்காமல் போன பாசனின் நாடகங்கள் இவை என்று சொல்லி 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்த நாடகங்களின் முன்னுரைப் பகுதியில் ஆசிரியர் பெயர் இல்லை. பாசனுடையவைதானா, எல்லாமே ஒருவர் எழுதியவையா என்ற வாதம் நூறு வருஷமாக ஓயவில்லை. ஏட்டைக் கண்டெடுத்தவர் சொன்னதாலேயே ஆசிரியர் பெயர் உறுதியாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டாம்.

பத்திரிகைக் கவிதையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மை. பாரதி ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்றெல்லாம் எழுதினார். அவருடைய முதல் அச்சுக் கவிதையாக நமக்குத் தெரிந்த 'தனிமை இரக்கம்' 1904 ஜூலையில் மதுரை 'விவேகபாநு'வில் வந்தது. திருவனந்தபுரத்தில் 1948-இல் இறந்த புதுமைப்பித்தன் வேளூர் கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரில் கவிதை எழுதினார். இப்படி ஒரு பெரிய பெயரின் நிழலில் பெயரில்லாத பாட்டுகளெல்லாம் வந்து ஒண்டும் ஆபத்து உண்டு. நடை பாரதி மாதிரி இருக்கிறது என்பது ஆதாரம் ஆகாது. அந்தக் காலத்தில் பாதிப் பேர் பாரதி மாதிரிதான் எழுதினார்கள். அதே இதழில் அடுத்த மாதம் வந்த திருத்தம், சமகாலத்தவர் கடிதம், கைப்பிரதி என்று ஏதாவது ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் 'ஆசிரியர் பெயர் இல்லை' என்று போட்டு வெளியிடுவதில் ஒரு குறையும் இல்லை. கண்டவர்கள் பெருமைக்காகப் பெயர் ஒட்டுவது, தொலைந்து போவதைவிட மோசமான கெடுதல் என்பேன். தொலைந்ததை நாளை ஒருவர் எடுப்பார். ஒட்டின பெயரைக் கழற்ற இரண்டு தலைமுறை ஆகும்.

மேற்கோளிலிருந்து மீட்கும் பழைய வழி ஒன்றும் தமிழில் இருக்கிறது. சேர அரசர்களைப் பாடிய பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. உரையாசிரியர்கள் காட்டிய மேற்கோளிலும் பழம்பாட்டுத் தொகுப்பான புறத்திரட்டிலும் இருந்துதான் விடுபட்ட பாட்டுகளில் சிலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் புறத்திரட்டைப் பதிப்பித்த வையாபுரிப் பிள்ளை, கல்வெட்டு முதல் உரைநூல்வரை அலைந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனிப்பாடல்களைப் 'பெருந்தொகை'யாக்கிய மு. இராகவையங்கார் இருவருமே பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் தமிழ்ப் பேராசிரியர்களாக இருந்தவர்கள். பத்திரிகைகளுக்கும் இதே வழி செல்லும். இதழே அழிந்திருந்தாலும், வேறொரு பத்திரிகை அதிலிருந்து எடுத்துப் போட்ட பாட்டோ, மதிப்புரையில் காட்டிய நாலடியோ கிடைக்கலாம்.

மறதி என்றால் நூறு வருஷப் பழமை என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரத்தில் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலன், அதே ஊரில் இருந்த ஷண்முக சுப்பையா, நாகர்கோவிலில் பசுவய்யா என்ற பெயரில் எழுதிய சுந்தர ராமசாமி என்று இந்த எல்லைப்புறம் புதுக்கவிதைக்குக் கொடுத்தது அதிகம். 1959-இல் தொடங்கிய 'எழுத்து', பிறகு 'கசடதபற' என்று சிற்றிதழ்களில்தான் இவர்கள் தலைமுறை எழுதியது. நகுலன் 1968-இல் 'குருக்ஷேத்ரம்' என்று ஒரு தொகுப்பும் கொண்டுவந்தார். சிற்றிதழ் சில நூறு படிதான் அச்சாகும், நூலகங்கள் வாங்குவது குறைவு, வாங்கினாலும் மெல்லிசான இதழைப் பைண்டு செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. பெரிய பெயர்களுக்குத் தொகுப்பு வந்துவிட்டது. அதே இதழ்களில் இரண்டு மூன்று கவிதை மட்டும் எழுதிவிட்டு வேலை, குடும்பம் என்று நின்றுவிட்டவர்களுக்கு வரவில்லை. 1910-களின் வெண்பாவைவிட 1970-களின் இந்தக் கவிதைகளைத் தேடுவது அவசரம் என்று நினைக்கிறேன். வைத்திருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது, வீடு மாறும்போது முதலில் எடைக்குப் போவது இவைதான்.

வெளியிடுவதில் சட்டம் இப்படி இருக்கிறது. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1950-இல் மறைந்த செய்குத்தம்பிப் பாவலர் பாட்டுக்கும் 1954-இல் மறைந்த கவிமணி பாட்டுக்கும் அந்தக் காலம் தாண்டிவிட்டது. பெயரில்லாமலோ புனைபெயரிலோ வந்து, எழுதியவர் யாரென்று வெளிப்படாத பாட்டுக்கு அச்சான ஆண்டிலிருந்து அறுபது கணக்கு. ஆகவே பழைய பத்திரிகைத் துணுக்கு வெண்பாக்களில் பெரும்பாலானவற்றை இன்றைக்கே தொகுக்கலாம். 2007-இல் காலமான நகுலனின் கவிதைகளுக்கு 2067 முடியும்வரை உரிமை இருக்கிறது. எழுதியவரையோ வாரிசையோ கண்டுபிடிக்க முடியாத சிற்றிதழ்க் கவிதைக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31அ பிரிவில் வழி உண்டு. ஆங்கில நாளிதழ் ஒன்றில் விளம்பரம் கொடுத்து, விண்ணப்பம் போட்டு, அனுமதி வாங்கி வெளியிடலாம். விளம்பரச் செலவு தொகுப்பின் அச்சுச் செலவைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், இதழின் பழைய சந்தாதாரர் பட்டியலை எங்கிருந்தாவது பிடித்து, அதில் உள்ள ஊர்களுக்குப் போய் விசாரிப்பதுதான் சிக்கனமான வழி.